சிறப்பு விருந்தினரின் முதல் பந்து

கூட்டம் என்றால் நான் கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆள். கேட்டால் தலையாட்டுவேன். அப்படிப்பட்ட நான் எங்கள் சங்கக் கூட்டத்தில் வாய் திறந்ததால் வந்தது இந்தப் பயணம்.

பஹ்ரைனில் இருக்கிற காயல்பட்டினத்துக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். இந்த முறை இறுதி ஆட்டத்துக்கு யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. ஒருவர் டாக்டர் என்றார், இன்னொருவர் பேங்க் மேனேஜர் என்றார். “ஸ்டாவ்ரோஸைக் கூப்பிடலாமே” என்றது ஒரு குரல். அது என் குரல்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

ஸ்டாவ்ரோஸ் கிரேக்க நாட்டுக்காரர். பல ஆண்டுகளுக்கு முன் மனாமாவில் ஒரு கிளப்புக்கு முன்கள ஆட்டக்காரராக இருந்து கோல்களாக அடித்துத் தள்ளியவர். குதைபியாவில் நான் வேலை செய்யும் விளையாட்டுச் சாமான் கடைக்குத்தான் பூட்ஸை விரிக்கக் கொடுக்க வருவார். வலது கால் சுண்டுவிரல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கால் வடிவில் செதுக்கிய மரக்காலை பூட்ஸுக்குள் விட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஈரத்துணி வைத்து இரண்டு நாள் விட்டுவிடுவேன். வாங்கிப் போட்டுப் பார்த்து, காலைத் தரையில் தட்டி, ஒன்றும் சொல்லாமல் என் தோளைத் தொட்டுவிட்டுப் போவார். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

“அந்த ஆளு இப்ப எங்க இருக்காஹ?” என்று கேட்டார் சங்கத் தலைவரான எங்கள் முதலாளி ஹாஜியார்.

“கத்தார்ல புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறாஹன்னு கேள்வி.”

“அப்ப நீயே போய்க் கூட்டிக்கிட்டு வா சுலைமானு. முத தடவையா நீ வாய் தொறந்திருக்கா. அதைச் சும்மா வுடக் கூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மறுநாளே ஃபிளெக்ஸ் பேனர் அச்சாகி வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு ஆள் வருவதற்கு முன் பேனர் வந்துவிட வேண்டும்.

தோஹாவில் ரமேஷ் சார் வீட்டில் தங்கினேன். கோயமுத்தூர்க்காரர், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இன்ஜினியர். முன்பு பஹ்ரைனில் ஈசா டவுனில் இருந்தபோது எங்கள் கடையில் பிள்ளைகளுக்கு ஷூ வாங்குவார். “வாங்க சுலைமான் அண்ணா, கூச்சப்படாம உக்காருங்க” என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கூச்சம் அதிகமானது. அவர் மனைவி இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும் வைத்தார். வீட்டில் ஆக்கிய இட்லி தின்று நெடுநாள் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வேண்டும் போலிருந்தது, போதும் என்றேன்.

“அவரு இங்க இல்லீங்களே அண்ணா” என்றார் ரமேஷ் சார். “எங்க பொண்ணுகூட அவருகிட்டதான் கத்துக்கிட்டா. நல்ல மனுசன். ஆனா பேரண்ட்ஸ்கிட்ட இளிச்சுப் பேசத் தெரியல. வேற கோச் வந்துட்டாரு. இவரு ராஸ் அல் கைமா போயிட்டாருங்க.”

அன்று மாலை கடற்கரைச் சாலையில் தனியாக நடந்தேன். எதிர்க்கரையில் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நேபாளி போனைக் கடல் பக்கம் திருப்பி, வீட்டில் யாருக்கோ படகைக் காட்டினான். நானும் வீட்டுக்குப் பேசினேன். மனைவி மருமகனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். இப்போது என் மகளின் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிட்டான். லீவில் போனால் ஒரே வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். அவன் தினம் இருக்கிறவன், நான் வந்து போகிறவன். நல்ல மீன் துண்டு எனக்குத்தான் வரும். விருந்தாளிக்கு வைப்பது போல வரும்.

மறுநாள் துபாய். மெட்ரோவில் ஏறி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். இந்த ஊரில் மனிதர்கள் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பெட்டி முழுவதும் பெண்கள். தரையில் இளஞ்சிவப்புக் கோடு. ஒரு மலையாளத்து அம்மா, “சேட்டா, இது லேடீஸ் கம்பார்ட்மெண்ட் ஆணு” என்று மெதுவாகச் சொன்னார். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வரை என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அதற்குப் பிறகு இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் வந்தேன்.

ராஸ் அல் கைமாவில் பஸ் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மலை. பஹ்ரைனில் நிமிர்ந்து பார்க்க ஒன்றும் கிடையாது. பாறை நிறத்தில், ஒரு செடி இல்லாமல், ஊருக்குப் பின்னால் யாரோ எழுந்து நிற்பது போல நின்றது. ஒரு சாயாக் கடையில் பால் இல்லாத சுலைமானி டீ கேட்டேன். என் பெயரையே கேட்டுக் குடிப்பதால் எப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பெஷாவர்க்கார டாக்ஸி டிரைவரிடம் இந்தியில் விசாரித்தேன்.

“ஸ்டாவ்ரோஸா? லைட்டை அணைக்கிற வெள்ளைக்காரனா?” என்றார் அவர். “வாடகை மைதானத்துல இருக்கான் பாய். நேரம் முடிஞ்சா கலாஸ். கோல் அடிக்கப் போற நேரமா இருந்தாலும் லைட்டை அணைச்சிடுவான். எத்தனை கோல் இருட்டுல போச்சு தெரியுமா எனக்கு? ஏறு, நானே விடறேன். அவனைத் திட்ட எனக்கும் வேலை இருக்கு.”

நான்கு பக்கமும் வலை கட்டிய, செயற்கைப் புல் போட்ட சின்ன மைதானம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தலைமுடி வெளுத்திருந்தது. வலது முழங்காலில் பட்டை. டிரைவர் போகிற போக்கில் திட்டிவிட்டுப் போனார். அவரும் கையை ஆட்டி ஏதோ திட்டினார். இருவருக்கும் அது சலாம் சொல்வது போலத்தான் இருந்தது.

பிறகு என்னைப் பார்த்தார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கில வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. குனிந்து, அவர் வலது காலைக் காட்டி, என் சுண்டுவிரலை வளைத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். “குதைபியா!” என்றார்.

எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

நாங்கள் பேசியது ஆங்கிலமும் அரபும் இந்தியும் பிய்த்துப் போட்ட பேச்சு. தமிழில் எழுதும்போது அது ஒழுங்காக வந்துவிடுகிறது. அங்கே பாதிக்குக் கைதான் பேசியது.

மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கள் நெத்திலி மாதிரியே சின்ன மீன் குவிந்து கிடந்தது. அவர் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. மீன் தலையைக் கிள்ளப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையோடு மாவில் புரட்டிப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, அப்படியே வாயில் போட வேண்டுமாம். நாங்கள் மிளகாய்த்தூள் போடுவோம் என்றேன். தலையைப் பின்னால் சாய்த்து “ப்ச்” என்றார். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரிலும் அதே சத்தம்தான். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

தின்றுகொண்டே கேட்டார். “எதற்கு வந்தாய்?”

பேச்சைவிடப் படம் சுலபம் என்று போனில் பேனரைக் காட்டினேன். மேலே பிறை, நடுவில் கோப்பை, ஒரு பக்கம் ஹாஜியார் கைகூப்பியபடி, மறுபக்கம் ஜெர்சி போட்ட ஒரு வெள்ளைக்காரர், கீழே ஆங்கிலத்தில் ஸ்டாவ்ரோஸ் என்ற பெயர்.

அவர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மெல்லுவது நின்றது.

“இது நான் இல்லை.”

நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பேனர் அடித்த பையன்கள் இணையத்தில் கிரேக்க ஆட்டக்காரர் என்று தேடி, நன்றாகத் தெளிவாக இருந்த முகத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசித்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

“இவன் கிரேக்கத்தில் என் கிளப்புதான்” என்றார் அவர். “இவன் ஆடுவான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இவன் களைத்தால் நான் போவேன். இவன் களைக்கவே மாட்டான். இவன் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.”

பிறகு மற்றதும் வந்தது. அப்பா துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். சரளைக்கல் தரையில் ஆடிப் பழகியிருக்கிறார். அவர்கள் நாடு ஐரோப்பாவின் பெரிய கோப்பையை வென்ற கோடையில் இவருக்கும் அணியில் இடம் கிடைக்கும் என்றிருந்தது. புறப்படும் முன் முழங்கால் போனது. இறுதி ஆட்டத்தை அப்பாவின் பட்டறையில் கட்டுப் போட்ட காலை இன்ஜின் மேல் நீட்டிக்கொண்டு பார்த்தாராம். தெருவெல்லாம் ஆட்டம். இவரைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்கள் காலைப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு சைப்ரஸ், பஹ்ரைன், கத்தார். பஹ்ரைனில்தான் நிறைய கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள். மனைவி பிரிந்துவிட்டார். மகள் ஜெர்மனியில், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள்.

“முன்களத்தில் நிற்பவனோடு யாரும் பேச மாட்டார்கள்” என்றார். “உன் ஆட்கள் எல்லாம் தூரத்தில். பக்கத்தில் நிற்பவன் எதிரி. அவன் உன் சட்டையைப் பிடிப்பான், காலை மிதிப்பான், அம்மாவைத் திட்டுவான். ஆனால் உன்னை ஒரு நொடி விடமாட்டான். எனக்கு அவனைத்தான் பிடிக்கும்.”

வருகிறீர்களா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே போய் ஹாஜியாருக்கு போன் செய்தேன்.

“படம் வேற ஆளா?” என்றார் ஹாஜியார். “சரி, இப்ப என்ன? வெள்ளைக்காரன் எல்லாம் நமக்கு ஒரே மொஹந்தானே. பிரஸ்ஸும் லீவு. ஆளைக் கூட்டிக்கிட்டு வா, படத்தை யாரு பாக்குறா?”

உள்ளே வந்தேன். சிறப்பு விருந்தினராகக் கூப்பிடத்தான் வந்தேன், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். வராவிட்டாலும் பரவாயில்லை, சங்கத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போதே அந்தக் கூட்டத்தின் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் எனக்குத் தரையில் ஒரு பாயை விரித்துக் கொடுத்தார். அடுத்த நாள் காலையில்தான் பதில் சொன்னார். “பஹ்ரைனில் முதல் பந்தை நான் அடிக்க வேண்டும், இல்லையா?”

ஆமாம் என்றேன். சிறப்பு விருந்தினர் பெனால்டி இடத்திலிருந்து ஒரு பந்து அடித்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது எங்கள் வழக்கம். டாக்டரோ மேனேஜரோ தட்டிவிட்ட பந்து உருண்டு வரும். கீப்பர் மறுபக்கம் விழுந்துவிடுவான். எல்லோரும் கைதட்டுவார்கள்.

“தோஹாவில் ஒருமுறை செய்தேன்” என்றார் அவர். “கீப்பர் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்குத்தான் நான் செத்துப்போனேன் என்று தெரிந்தது. உன் கீப்பர் நிஜமாகத் தடுப்பான் என்றால் வருகிறேன். இல்லையென்றால் அந்தப் படத்தில் இருப்பவனைக் கூப்பிடு.”

தடுப்பான் என்று வாக்குக் கொடுத்தேன். யாரைக் கேட்டுக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பும்போது துபாய் மெட்ரோ மேடையில் அவர் நேராக இளஞ்சிவப்புக் கோட்டுப் பக்கம் நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அனுபவம் ஒன்றாவது உதவியது. விமானத்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

பஹ்ரைனில் என் அறைக்கு வந்ததும் கடையிலிருந்து அவர் அளவு பூட்ஸ் எடுத்து, மரக்காலை விட்டு, வலது சுண்டுவிரல் இடத்தில் ஈரத்துணி வைத்தேன். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருப்பவர் எட்டிப் பார்த்து, “யாருக்குங்க காக்கா, மாப்புளைக்கா?” என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை. ஈசா டவுன் பக்கம் வாடகைக்கு எடுத்த மைதானம். கடல் காற்று பேனரை அடித்துக்கொண்டிருந்தது. காற்று போக ஃபிளெக்ஸில் ஆங்காங்கே அரைவட்டமாகக் கீறிவிடுவது உண்டு. நான் கத்தரிக்கோலை வாங்கி, அந்த வெள்ளைக்காரர் முகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டேன்.

“என்னடா பண்ணுறா?” என்று ஓடி வந்தார் ஹாஜியார்.

“காத்துக்கு” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “கீப்பர் செய்யதுகிட்ட சொல்லிட்டேன். வெருந்தாளி பந்து வந்ததும் அந்தப் பக்கம் வுழுந்துருவான். போட்டோ நல்லா வரணும்” என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

செய்யது ஓர் ஓட்டல் சமையல்காரன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். என் கால்கள் அந்தப் பக்கம் போகமாட்டோம் என்றன. போனேன்.

“செய்யது, அந்தப் பந்தை வுடாதே.”

“என்ன காக்கா சொல்றிய? ஹாஜியார் திட்டுவாஹளே. மேடையில வச்சே திட்டுவாஹ.”

“நான் சொன்னேன்னு சொல்லு.”

“நீங்களா?” அவன் சிரித்தான். “நீங்க சொன்னியன்னு சொன்னா யாரு நம்புவா காக்கா? நீங்கதான் பேசவே மாட்டியளே.”

“அவரு நெசமாத்தான் அடிப்பாரு. நீயும் நெசமா நில்லு. அதுக்குத்தான் வந்திருக்காரு. வேற எதுக்கும் வரலை.”

அவன் சிரிப்பு நின்றது. மேடையைப் பார்த்தான். அங்கே ஸ்டாவ்ரோஸுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் பேனரில் வெட்டிய சதுரம் வழியாக வானம் தெரிந்தது. செய்யது கையுறையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

பேச்சுகள் முடிந்தன. ஸ்டாவ்ரோஸ் மேடையை விட்டு இறங்கி, பொன்னாடையை மடித்து என்னிடம் கொடுத்து, நான் வைத்திருந்த பூட்ஸை வாங்கி மாட்டினார். வலது காலைத் தரையில் தட்டினார். என் தோளைத் தொட்டார்.

பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனார். விருந்தினர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செய்யது மட்டும் முட்டியை வளைத்து, கைகளை விரித்து, அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நொண்டிக்கொண்டுதான் ஓடி வந்தார். ஆனால் அடித்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. தாழ்வாக, வலது மூலைக்கு. மைக்கில் இருந்தவர் பழக்கத்தில் “கோல்!” என்று கத்திவிட்டார். செய்யது முழு நீளத்துக்குப் பாய்ந்திருந்தான். பந்து அவன் விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது.

மேடையில் ஹாஜியார் வாயைத் திறந்தபடி எழுந்து நின்றார். சிறப்பு விருந்தினர் அடித்த பந்தை எங்கள் சங்கத்தில் இதுவரை யாரும் தடுத்ததில்லை.

ஸ்டாவ்ரோஸ் கோலை நோக்கி நடந்தார். கீழே கிடந்த செய்யதுக்குக் கை கொடுத்துத் தூக்கி, அவன் கன்னத்தில் செல்லமாக ஓர் அறை விட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

“ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” என்று கூட்டம் கத்தத் தொடங்கியது. இன்னொன்று அடித்தால் உள்ளே போய்விடும், மானம் காப்பாற்றலாம் என்று ஹாஜியாரும் கையைக் காட்டினார். ஸ்டாவ்ரோஸ் தலையைப் பின்னால் சாய்த்து “ப்ச்” என்றார்.

மறுநாள் காலை அவரை விமான நிலையத்தில் விட்டேன். வண்டியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அவன் பந்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தான்.” இறங்கிப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கும் வரை அங்கேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன்.

கடையில் ஹாஜியார் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான், மற்றவர் என்னிடம் பேசாமல் இருப்பது புதிது. சாயங்காலம் செய்யது வந்து கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினான். இரண்டு விரல்கள் வெண்டைக்காய் போல வீங்கியிருந்தன.

“இன்னைக்குப் புரோட்டா அடிக்க முடியல காக்கா” என்றான். குறை சொல்வது போல இல்லை. கடைக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் காட்டினான்.

அந்தக் கையைப் போனில் படம் பிடித்து ஸ்டாவ்ரோஸுக்கு அனுப்பினேன். எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை, படம் மட்டும் போனது. கடை அடைக்கும் நேரத்தில் பதில் வந்தது. அதிலும் எழுத்து இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் நீட்டிய வலது கால், முழங்காலில் ஒரு பை ஐஸ். பின்னால், அந்த நேரத்திலும் அணைக்காமல், மைதானத்தின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.